நெய், தயிர், பால் மூன்றும் இல்லாமல் இந்தக் குளிருக்கு என்ன சமைப்பது?

கேத்திவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கேத்தியில் இருக்கிறது. பெங்களூரில் வேலை செய்யும் மகள் டிசம்பர் கடைசி வாரம் வருகிறாள். பொங்கல் முடிந்த பிறகுதான் திரும்புவாள். அவள் வீகன் உணவுக்கு மாறிவிட்டாள். பால், தயிர், நெய், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் கிடையாது. மாட்டிடமிருந்து கன்றின் பங்கைப் பிடுங்கிக் குடிக்க மனம் வரவில்லை என்கிறாள். அவளை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு வயிறும் மனமும் நிறையச் சமைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே குளிர்காலச் சாப்பாடு முழுவதும் பாலைச் சுற்றியே இருக்கிறது. விடிந்தால் பால் விட்ட டீ. இரவில் ஆவி பறக்கும் சோற்றில் பருப்பும் நெய்யும். கடைசியில் பிசைந்த தயிர்ச்சோறு. காய்ச்சல் வந்தாலும், தேர்வு நேரத்தில் அழுதாலும் அவளுக்குத் தயிர்ச்சோறுதான் கொடுத்திருக்கிறேன். இப்போது அதன் இடத்தில் எதை வைப்பது? என் மாமியாருக்கு இன்னும் பெரிய கவலை. நெய் இல்லாத சோறு பிள்ளையின் உடம்பில் எப்படி ஒட்டும் என்று தினமும் கேட்கிறார்.

கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் பள்ளத்தாக்கிலிருந்தே புதிதாகக் கிடைக்கின்றன. மேரக்காய் (சௌசௌ) எங்கள் வேலியிலேயே காய்க்கிறது. அவரையும் பட்டர் பீன்ஸும் குன்னூர் மார்க்கெட்டில் வாங்கலாம். வீட்டில் குக்கர், மிக்ஸி, இட்லிப் பானை இருக்கின்றன. ஓவன் இல்லை. விலை உயர்ந்த பாதாம் பாலெல்லாம் ஒரு மாதத்துக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

உறைபனி விழும் நாட்களில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது, மாவு புளிப்பதில்லை, மாட்டுப் பாலில் தயிர் தோயவே ஒரு பகல் முழுக்க ஆகிறது. ஆகவே மலையில் சமைப்பவர்கள் சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். மாலை ஆறு மணிக்குக் கை விறைத்துப்போகும் நேரத்தில் கொடுக்க ஒன்று, தயிர்ச்சோற்றுக்கு ஈடாக ஒன்று, டீக்கு ஒரு வழி. இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

கோவைப்பக்கம் எழுதியது:

கோவையில் பெரிய கடைகளில் சோயா பால், ஓட்ஸ் பால், வீகன் சீஸ், உறைய வைத்த வீகன் பீட்சாகூட இப்போது கிடைக்கின்றன. மேட்டுப்பாளையம் வழியாக மேலே வருபவர்கள் யாரிடமாவது சொல்லி ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சுவை பழகியிருக்கும். நீங்கள் அடுப்படியில் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை.

லயத்துச் சமையல் (கோத்தகிரி) எழுதியது:

தங்கச்சி, பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். கோவை நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் உறைந்த பீட்சாவைச் சாப்பிடுவதற்காக உங்கள் மகள் மலையேறி வரவில்லை. நீங்கள் கேட்கும் சமையல் இந்த மலையில் ஏற்கெனவே இருக்கிறது. பாலை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களின் வீடுகளில் இருக்கிறது.

நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அங்கேயும் லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இங்கேயும் லயம். அங்கேயும் கொழுந்து பறிக்கும் குளிர், இங்கேயும் அதே குளிர். எங்கள் அம்மா நெய் வாங்கி நான் பார்த்ததில்லை. பால் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் மட்டும். ஆனாலும் மழையில் நனைந்து வந்த எங்களைச் சூடேற்றித் தூங்க வைத்தது அவர் சமையல்தான். ஆகவே "பாலுக்குப் பதில் என்ன" என்று தேடாதீர்கள். பால் தேவைப்படாத உணவைச் சமையுங்கள். பதிலுக்கு வைப்பது எப்போதும் ஒரு படி குறைவாகத்தான் நாக்கில் படும். தன் காலில் நிற்கும் உணவில் குறை தெரியாது.

மாலை ஆறு மணிக்குத் தேங்காய் ரொட்டி செய்யுங்கள். இரண்டு கிண்ணம் கோதுமை மாவு, ஒரு கிண்ணம் துருவிய தேங்காய், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு. முதலில் தண்ணீர் விடாமல் தேங்காயை மாவில் நன்றாகக் கசக்குங்கள். தேங்காயின் ஈரமும் எண்ணெயும் மாவில் இறங்க வேண்டும். ரொட்டி மிருதுவாக வருவது இதனால்தான். பிறகு வெந்நீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். உள்ளங்கை அளவுக்குக் கனமாகத் தட்டி இரும்புக் கல்லில் சிறு தீயில் போடுங்கள். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கருகி நடுவில் மாவாகவே நிற்கும். இருபுறமும் பொன்னிறப் புள்ளிகள் வந்து, தேங்காய் வறுபடும் வாசம் எழும்போது எடுங்கள்.

தொட்டுக்கொள்ளச் சம்பல். காய்ந்த மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, சின்ன வெங்காயம் சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டி, தேங்காய்த் துருவல் போட்டு இன்னும் ஒரு முறை இடித்து, எலுமிச்சை பிழியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் துவையலாகிவிடும். அம்மியோ உரலோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ரொட்டியைக் கல்லிலிருந்து நேராகத் தட்டில் போட்டுக் கொடுங்கள். ஆறவிடக் கூடாது.

இரவுச் சோற்றுக்கு உருளைக்கிழங்குச் சொதி. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நெய்யின் இடம் நிரம்புவது இங்கேதான். ஒரு தேங்காயைத் துருவி, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு அரைத்துப் பிழியுங்கள். மலையில் வெந்நீர் கட்டாயம். தேங்காய்க் கொழுப்பு ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; கேத்தியில் டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரை விட்டால் பாதிக் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். பிழிந்த பால் தண்ணீராக இருக்கிறதே என்று தேங்காயைக் குறை சொல்வோம். குறை தண்ணீரில் இருக்கிறது. முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்து, இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் பிழிந்துகொள்ளுங்கள்.

சட்டியில் இரண்டாம், மூன்றாம் பால்களோடு வெட்டிய உருளைக்கிழங்கு, கீறிய பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு, அரை தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள் தூள், கறிவேப்பிலை, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வேக வையுங்கள். தாளிப்பு இல்லை, வதக்கல் இல்லை. கிழங்கு வெந்ததும் இரண்டு துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிடுங்கள். சொதி தானாகக் கெட்டிப்படும். பிறகு தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும்; தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை. உங்கள் வேலி மேரக்காயையும் குன்னூர் பட்டர் பீன்ஸையும் இதிலேயே போடலாம். பச்சைப் பட்டர் பீன்ஸ் வெந்து வாயில் மாவாகக் கரையும்போது, சோற்றில் நெய் எங்கே என்று உங்கள் மாமியாரே கேட்க மாட்டார்.

பருப்பு வேகவில்லை என்றீர்களே. உங்கள் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை போவதே இல்லை. குன்னூரில் ஏறத்தாழ 94 டிகிரியிலும், ஊட்டியில் ஏறத்தாழ 93 டிகிரியிலும் கொதித்துவிடும். கேத்தி இரண்டுக்கும் நடுவில். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. குக்கர் அதைச் சரிசெய்யும், ஆனால் மூடிக்குள்ளும் சமவெளியின் சூடு முழுதாக வராது. ஆகவே கோவைக்காரர் மூன்று விசில் என்றால் நீங்கள் ஐந்து வையுங்கள். துவரம்பருப்பை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். உப்பும் புளியும் வெந்த பிறகுதான். அவசர நாளுக்கு மைசூர்ப் பருப்பு வாங்கி வையுங்கள். குக்கரே இல்லாமல் குழைந்துவிடும். அதிலும் கடைசியில் ஒரு கை முதல் பால்.

காய்ந்த அவரையை இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். எங்களுக்கு அடுத்த ஹட்டியில் (படகர் ஊரில்) அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் காரமாகக் குழம்பு வைத்து, கேழ்வரகுக் களியோடு உண்பார்கள். மல்லி, மிளகாய், மிளகு, சீரகத்தை வறுத்துப் பொடித்துப் போட்ட அந்தக் குழம்பு, பனி விழும் இரவில் களியின் நடுவே குழித்து ஊற்றப்பட்டால் கம்பளி போர்த்தியதுபோல இருக்கும். படகர் வீட்டுப் பெண்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் பக்குவத்தை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வதைவிட அது மேல்.

டீக்கு ஒன்றும் தேட வேண்டாம். நாங்கள் சாயம், அதாவது பால் விடாத தேநீர் மட்டும் குடித்து வளர்ந்தவர்கள். உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்துக் கடித்துக்கொண்டே குடிப்போம். ஆனால் பால் டீக்கு வாங்கும் தூளை அதற்குப் போடாதீர்கள். குருணையாக இருக்கும் அந்தத் தூள் பாலுக்கென்றே செய்யப்படுவது. பால் இல்லாவிட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். முழு இலையாகச் சுருண்டிருக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை நம் குன்னூரிலேயே கிடைக்கிறது. கொதித்த நீரை அதன்மேல் ஊற்றி மூடி, மூன்று நிமிடம் கழித்து வடித்துவிடுங்கள். இலையைக் கொதிக்க விடாதீர்கள். இஞ்சி தட்டிப் போடலாம். நீலகிரித் தேயிலையின் மணம் பாலில்லாமல்தான் முழுதாகத் தெரியும். அதைப் பறித்த கைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

தாண்டிக்குடித் தோட்டம் எழுதியது:

கோத்தகிரி அம்மா சொன்னதற்கு மேல் குழம்பில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் தயிர்ச்சோற்றை அவர் தொடவில்லை. அந்தத் தாய் கேட்டதிலேயே மனதுக்கு நெருக்கமானது அதுதான் என்று எனக்குப் படுகிறது. பழனி மலையில் எங்கள் வீட்டில் நிலக்கடலையில் தயிர் தோய்க்கிறோம். என் மனைவிக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் வந்த பழக்கம்.

ஒரு கிண்ணம் பச்சை நிலக்கடலையை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, தோலைத் தேய்த்து எடுங்கள். இதைச் செய்தால் பச்சை வாடை பெருமளவு போய்விடும். மூன்று கிண்ணம் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பாலை அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். மாட்டுப் பாலைவிட வேகமாக அடிப்பிடிக்கும். இறக்கும் முன் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் தயிர் கெட்டியாக நிற்கும்.

சுண்டுவிரலை விட்டால் இதமான சூடு தெரிய வேண்டும். அந்தப் பதத்தில் பச்சை மிளகாயின் காம்புகளைப் பத்துப் பன்னிரண்டு, அதன் தொப்பியோடு சேர்த்துக் கிள்ளி, நன்றாக அலசிப் போடுங்கள். பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிரிகள் அந்தக் காம்பிலேயே இருக்கின்றன. பிரை மோர் தேவையில்லை. மலைக்குளிரில் வெறுமனே மேடையில் வைத்தால் தோயாது. ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடி, அந்த ஹாட்பாக்ஸை வெந்நீர் உள்ள பெரிய பாத்திரத்தில் இறக்கி, மேலே சால்வை சுற்றி வையுங்கள். நடுவில் ஒரு முறை வெந்நீரை மாற்றினால் நல்லது. முதல் முறை தளர்வாகத்தான் வரும். அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்குப் பிரையாக விடுங்கள். அது நன்றாக இறுகும். இளஞ்சிவப்பு நிறமோ கெட்ட வாடையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வடிகட்டிய சக்கையை அடை மாவில் கலக்கலாம்.

சோற்றைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே மசித்து, கொஞ்சம் தேங்காய்ப் பால் விட்டுப் பிசையுங்கள். ஆறிய பிறகுதான் கடலைத் தயிர். கடுகு, இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கேரட் துருவிப் போடுங்கள். மாட்டுத் தயிர்ச்சோற்றின் சுவை அப்படியே இருக்காது. கடலையின் மணம் சற்று இருக்கும். ஆனால் குளிர்ந்த, புளித்த, மிருதுவான அந்த நிறைவு அப்படியே இருக்கும். ஊறுகாய் நன்றாக அமைந்தால் போதும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் காப்பிச் செடிகளுக்கு நடுவே பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிறைய. கனிந்த பழத்தை உப்பும் மிளகும் எலுமிச்சையும் சேர்த்து மசித்து, சூடான ரொட்டியில் தடவினால் வெண்ணெய் தேவைப்படாது. குன்னூர் பழப்பண்ணைப் பக்கம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பூம்பாறைப் பக்கத்து மலைப்பூண்டு கிடைத்தால் விடாதீர்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. ரசத்தில் நான்கு பற்கள் தட்டிப் போட்டாலே வீடு முழுக்க மணக்கும்.

மலைச்செவிலி (கூடலூர்) எழுதியது:

சமையலை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் மருத்துவமனைப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடையாது. கீரையோ பருப்போ கடலைத் தயிரோ அதை ஈடுசெய்யாது. உடம்பில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். அப்போது கைகால் மரத்துப்போவது, சோர்வு, இரத்தசோகை என்று வரும். மகள் மாத்திரை எடுத்துக்கொள்கிறாளா என்று அன்பாகக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளட்டும்.

சுண்ணாம்புச்சத்துக்கு உங்கள் மாமியார் பயப்பட வேண்டியதில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. மாட்டுப் பாலில் அதே எடைக்கு ஏறத்தாழ 120தான். எள்ளும் நல்லது. இரும்புச்சத்துக்காக ஒரு விஷயம்: சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிப்பது நம் மலைப் பழக்கம். தேநீர் இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். சொதியில் பிழியும் எலுமிச்சை அதற்கு நேர்மாறாக உதவும்.

கேத்திவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகள் வருவதற்கு முன்பே பழகிவிட வேண்டும் என்று நேற்று சொதி வைத்தேன். வெந்நீரில் பிழிந்ததும் பால் எவ்வளவு கெட்டியாக வந்தது! மாமியார் மறுசோறு வாங்கினார். நெய்யைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடலைத் தயிர் இப்போது சால்வைக்குள் இருக்கிறது, அண்ணா. பி12 பற்றி மகளிடம் கேட்டேன், மாத்திரை எடுத்துக்கொள்கிறாளாம்.

அக்கா, இன்னும் ஒரே ஒரு கவலை. பொங்கலன்று எங்கள் வீட்டில் பானையில் பால் ஊற்றித்தான் பொங்க வைப்போம். மகளும் அந்தப் பொங்கலைச் சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. தனிப் பாத்திரத்தில் அவளுக்கு மட்டும் வைத்தால் பண்டிகை நாளில் அவளை ஒதுக்கியதுபோல் ஆகிவிடும். ஆனால் பால் இல்லாமல் பானை பொங்காவிட்டால் மாமியார் மனம் உடைந்துபோவார். பொங்குமா?

லயத்துச் சமையல் (கோத்தகிரி) எழுதியது:

பொங்கும் தங்கச்சி, கட்டாயம் பொங்கும். தனிப் பாத்திரம் வேண்டாம் என்று நீங்கள் நினைத்ததே எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எல்லோரும் ஒரே பானையில்தான் சாப்பிட வேண்டும்.

பானை பொங்குவதற்குப் பால்தான் வேண்டும் என்றில்லை. அரிசியின் மாவுச்சத்து நுரையைக் கட்டி நிறுத்துகிறது, நுரை மேலெழுந்து வழிகிறது. பச்சரிசியை முதல் தடவை களைந்த நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாவது முறை நன்றாகத் தேய்த்துக் களைந்த நீரைப் பிடித்து வையுங்கள். கழுத்து குறுகிய பானையாகப் பாருங்கள். அந்த நீரைக் கழுத்துக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றி, மூன்றாம் தேங்காய்ப் பால் ஒரு கிண்ணம் சேருங்கள். அப்போது நுரை வெள்ளையாகவே எழும்பும். மாமியாருக்கும் கண் நிறையும். பானை நிறைய இருக்க வேண்டும், தீ ஓங்கி எரிய வேண்டும். பாதிப் பானையும் சிறு தீயுமாக வைத்தால் மாட்டுப் பால்கூடப் பொங்காது. பொங்கி வழிந்ததும் கொஞ்சம் நீரை முகந்து எடுத்துவிட்டு அரிசியைப் போடுங்கள்.

ஒரு கிண்ணம் அரிசிக்குக் கால் கிண்ணம் வறுத்த பாசிப்பருப்பு. மலையில் நீர் ஒரு கிண்ணம் கூடுதலாகவே இழுக்கும்; முகந்த நீரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம். முன்கூட்டியே போட்டால் அரிசி விறைத்து நின்றுவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் எரித்தாலும் குழையாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். சேர்ந்து இறுகியதும் தீயை நன்றாகத் தணித்துவிட்டு முதல் பால் முக்கால் கிண்ணம். முந்திரியையும் திராட்சையையும் தேங்காய் எண்ணெயில் வறுத்து, எண்ணெயோடு சேர்த்துக் கொட்டுங்கள். ஏலக்காயோடு ஒரு சிட்டிகை சுக்கும் போடுங்கள். குளிருக்கு நல்லது.

வெண்பொங்கலுக்கு நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். மிளகும் சீரகமும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். ஆறினால் இறுகிவிடும், ஆகவே ஒரு கிண்ணம் வெந்நீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பரிமாறுங்கள். தேங்காய் மட்டும் இப்போதே நான்கைந்து அதிகமாக வாங்கிவிடுங்கள். பண்டிகைக்கு முந்தைய நாள் கீழேயிருந்து வரும் காய்களுக்கு விலை ஏறிவிடும்.